பொத்தான்காரர் நம்பகமானவர் ஆன விதம்

மனிதர்களில் நம்பத் தகுந்தவர் யார், தகாதவர் யார் என்று கண்டுபிடிப்பது நெடுங்காலமாக இருந்துவரும் சங்கடம். இந்தச் சங்கடத்தைச் சுங்கத் துறை ஒரே சுற்றறிக்கையில் தீர்த்து வைத்தது. சுற்றறிக்கை எண் பதினேழு. அதன்படி, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் நம்பகமானவர் யார் என்று பார்த்துத் துறையே சான்றிதழ் வழங்கும். சான்றிதழ் உள்ளவர் நம்பகமான வணிகர். இல்லாதவரைப் பற்றித் துறைக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. அவருடைய பெட்டிகளைப் பற்றி மட்டும் உண்டு.

இந்தச் சுற்றறிக்கை வெளியான நாளில், துறைமுகத்திலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு தகரக் கூரைப் பட்டறையில், பொத்தான்காரர் பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். சட்டைக்குத் தைக்கிற நான்கு துளைப் பொத்தான். பன்னிரண்டு டஜன் சேர்ந்தது ஒரு குரோஸ். அதாவது நூற்று நாற்பத்து நான்கு. ஒரு குரோஸ் ஒரு பொட்டலம், நாற்பது பொட்டலம் ஒரு பெட்டி. பட்டறையில் வேலை செய்யும் பதினோரு பேரும் எண்ணிக் கட்டிய பொட்டலங்களை அவர் பிரித்து மறுபடி எண்ணிக் கட்டுவார். இருபத்தாறு வருஷமாக ஒரே சட்டைக் கம்பெனிக்குக் கப்பலில் அனுப்பிவருகிறார். ஒரு பொத்தான் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. பெருமை என்றால் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அது அவருக்கு வராது.

சட்டைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வருகிற பத்தாம் மாதம் முதல் தேதியிலிருந்து, நம்பகச் சான்றிதழ் பெற்ற வணிகர்களிடம் மட்டுமே தாங்கள் சரக்கு வாங்கப்போவதாகவும், இது உலகம் முழுக்கப் பரவிவரும் நல்ல வழக்கம் என்றும், தங்களுடைய இருபத்தாறு வருஷ உறவை மிகவும் மதிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பொத்தான்காரர் கடிதத்தை மூன்று முறை படித்தார். நான்கு மாதமும் ஒன்பது நாளும் இருந்தன. வேறு வாடிக்கை கிடையாது. பதினோரு பேர் வீட்டு அடுப்பு அந்த ஒரு கம்பெனியின் சட்டையில்தான் எரிந்துகொண்டிருந்தது.

விண்ணப்பத்தில் எண்பத்து நான்கு கேள்விகள். சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், வந்துபோகிறவர் பெயரை யார் எழுதுகிறார், சரக்குப் பெட்டியின் முத்திரை எண்ணை யார் சரிபார்க்கிறார், ஊழியர்களின் விசுவாசத்தை எந்த முறையில் அளந்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பொத்தான்காரர் பள்ளியில் ஐந்து வகுப்புதான் படித்தவர். ஆனாலும் ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்துப் படித்து, பதினாறு நாளில் எழுதி முடித்தார். விசுவாசக் கேள்விக்கு, பொட்டல மேசைக்குத் தலைவியான பெரியக்காவிடம் பத்தொன்பது வருஷமாகப் பட்டறைச் சாவி இருக்கிறது என்று பதில் எழுதினார். நாற்பத்தோராம் கேள்வி, 'கடந்த மூன்று ஆண்டுகளில் துறையால் கண்டறியப்பட்ட தவறுகளும் அவற்றுக்கு எடுத்த திருத்த நடவடிக்கைகளும்' என்றிருந்தது. அதற்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் எழுதினார். எண்பத்து நான்கில் அவருக்குச் சுலபமாக இருந்தது அது ஒன்றுதான்.

அது ஒன்றுக்காகத்தான் விண்ணப்பம் திரும்பி வந்தது.

நம்பகப் பிரிவு சுங்க மாளிகையின் மாடியில், இருபத்திரண்டு படி ஏறினால் இருந்தது. அலமாரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு. பொதுமக்கள் கையெழுத்திடும் பேனாவை மேசைக் காலோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பிரிவின் கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்து, நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல நாற்பத்தோராம் கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

"மூணு வருஷத்துல ஒரு தப்பு கூட நடக்கலையா?"

"இல்லீங்க."

"அதுக்கு முன்னால?"

"இருபத்தாறு வருஷமாவே இல்லீங்க."

"அப்ப இன்னும் கஷ்டம்."

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்து உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். நம்பிக்கை என்பது திருந்தும் தன்மையை வைத்து அளக்கப்படுவது. தவறு செய்தால்தான் திருந்த முடியும். திருந்தாத ஒருவருடைய திருந்தும் தன்மையை எந்தத் துறையாலும் மதிப்பிட இயலாது. உதாரணத்துக்கு, நடையில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைக் காட்டினார். படத்தில் இருப்பவர் ஒரு பாட்டில் வியாபாரி. காலிப் பாட்டில் என்று எழுதிக்கொடுத்து அனுப்பியவை மூன்று தடவை நிறைந்த பாட்டில்களாக இருந்து பிடிபட்டன. ஒவ்வொரு தடவையும் திருந்தினார். திருத்த நடவடிக்கை மட்டும் ஏழு பக்கம். முதல் சான்றிதழ் அவருக்குத்தான் போயிற்று.

"அவரை எனக்குத் தெரியும். எதுவரைக்கும் போவாரு, எங்க நிப்பாருன்னு கோப்புல இருக்கு," என்றார் கண்காணிப்பாளர். "உங்க கோப்பைத் தொறந்தா என்ன இருக்கு? வெறும் காத்து. நீங்க யாருன்னே தெரியலையே எனக்கு."

பொத்தான்காரர் தரையைப் பார்த்தபடி, அப்படியென்றால் தான் ஒரு தப்பு செய்ய வேண்டுமா என்று கேட்டார். கண்காணிப்பாளர் பதறிவிட்டார். துறை எவரையும் தவறு செய்யத் தூண்டாது என்றும், தவறு ஏற்படும்வரை கோப்பு பத்திரமாகக் காத்திருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மனைவியின் தம்பி சுங்கக் கொட்டகையில் மற்றவர்களுக்காகக் காகித வேலை பார்க்கும் முகவர். நாக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"கொலையா பண்ணச் சொல்றாங்க அத்தான்? ஒரு பொத்தானைக் குறைங்க. பிடிபடுங்க. மன்னிப்பு எழுதிக் குடுங்க. ஒரு வாரத்து வேலை."

சொல்வது எளிது. பொத்தான்காரர் இரண்டு நாள் முயன்றார். பொட்டலத்தைப் பிரிப்பார், ஒரு பொத்தானை எடுப்பார், எண்ணுவார், நூற்று நாற்பத்து மூன்று வரும், கை தானாக அதைத் திரும்பப் போட்டுவிடும். மூன்றாம் நாள் பெரியக்காவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். இந்தப் பாவத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தோராம் பொட்டலத்திலிருந்து அவரே ஒன்றை எடுத்தார். எடுத்ததை ஒரு சிறிய உறையில் போட்டு, மேலே 'பொட்டலம் 31-ஐச் சேர்ந்தது' என்று எழுதினார். தவறையும் ஒழுங்காகச் செய்யத்தான் அவருக்குத் தெரிந்தது.

கொட்டகையில் சரக்கைச் சோதிக்கும் அதிகாரி, பொத்தான்காரரின் பெட்டி என்றதும், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே மற்றக் கையால் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருஷப் பழக்கம் அது.

"இந்தத் தடவை தொறந்து பாருங்களேன்," என்றார் பொத்தான்காரர்.

"உங்க பெட்டியையா? உடம்புக்கு ஏதாவது முடியலையா உங்களுக்கு?"

"இல்லீங்க. சும்மா ஒரு தடவை."

"அட போங்க. உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?"

பொத்தான்காரருக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. அதை அப்படியே எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"எழுதுறதெல்லாம் மாடியில," என்றார் சோதனை அதிகாரி. "இங்க நம்புறது மட்டுந்தான்."

பெட்டியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவந்து, உறையிலிருந்த பொத்தானை முப்பத்தோராம் பொட்டலத்தில் சேர்த்து, எண்ணி, கட்டி, மறுநாள் கப்பலுக்கு அனுப்பினார். குறைப் பொட்டலம் வாடிக்கைக்காரருக்குப் போகக்கூடாது அல்லவா.

அடுத்த மாதம் இரண்டாம் முயற்சி. இம்முறை சரக்குச் சீட்டிலேயே, 'முப்பத்தோராம் பொட்டலத்தில் ஒரு பொத்தான் குறைவாக உள்ளது' என்று சிவப்பு மையில் எழுதிக் கொண்டுபோனார். சோதனை அதிகாரி படித்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். கேள்வியில் இருப்பது துறையால் கண்டறியப்பட்ட தவறு. தானே சொல்லிக்கொண்டால் அது தவறாகாது, நேர்மையாகிவிடும். நேர்மைக்குத் துறையிடம் படிவம் இல்லை.

மூன்றாம் முயற்சிக்கு மைத்துனர் சட்டத்தைப் புரட்டி ஒரு விதியைக் கண்டுபிடித்தார். சரக்கின் சொந்தக்காரரே எழுத்தில் கேட்டால் துறை கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். பொத்தான்காரர் எழுதிக் கேட்டார். துறை அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. மூன்று ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள். முப்பத்தோராம் பொட்டலத்தைத் தட்டில் கொட்டி ஒருவர் மாற்றி ஒருவராக எண்ணினார்கள். முதல் ஊழியருக்கு நூற்று நாற்பத்தாறு வந்தது. இரண்டாம் ஊழியருக்கு நூற்று நாற்பத்தொன்று. மூன்றாமவர் தொண்ணூறை எட்டியபோது தொலைபேசி வந்து எழுந்து போனார், திரும்பவில்லை.

பொத்தான்காரர் எட்டி நின்று பார்த்தபடியே எண்ணிவிட்டார். நூற்று நாற்பத்து மூன்று. சொல்லலாமா என்று தயங்கினார். அதற்குள் கூட்டம் கூட்டிக் குறிப்பு எழுதிவிட்டார்கள். இரண்டு எண்ணிக்கைகளின் சராசரி நூற்று நாற்பத்து மூன்றரை. அரைப் பொத்தான் வழக்கத்தில் இல்லாததால் முழுமையாக்கப்பட்டு நூற்று நாற்பத்து நான்கு எனத் தீர்மானிக்கப்படுகிறது. வணிகர் எழுதிக் கொடுத்த எண்ணிக்கை சரியானது.

"ஐயா, நூத்தி நாப்பத்தி மூணுதாங்க இருக்கு," என்றார் பொத்தான்காரர்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் சோதனை அதிகாரி. "ஆனா நீங்களே நூத்தி நாப்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்களே. உங்க எழுத்தை நாங்க எப்படிச் சந்தேகப்படுறது?"

கெடு முடிய பத்தொன்பது நாள்தான் மிச்சம். இதற்குள் நகரத்தில் நம்பகம் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. தையல்காரர் கழுத்தில் நம்பக அட்டை தொங்கியது. முடிதிருத்துகிறவர் 'சான்றளிக்கப்பட்ட கத்திரி' என்று பலகை வைத்தார். பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை நம்பகமானவரா என்று கேட்பதை விட்டு, சான்றிதழில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டார்கள். தவறு ஏதும் இல்லாமல் தவிப்பவர்களுக்காகத் தவறு தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிலையம் ஒன்று துறைமுகச் சாலையில் திறக்கப்பட்டது. சிறிய தவறு, நடுத்தரத் தவறு, குடும்பத்தோடு செய்யும் தவறு என்று மூன்று வகை. மைத்துனர் அதன் விளம்பரச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பொத்தான்காரர் அதைத் தொடவில்லை. செய்யாத தவறைச் செய்ததாக எழுதுவது பொய். ஆனால் செய்த தவறை எழுதலாம். அவர்தான் செய்திருக்கிறாரே. குறையென்று தெரிந்தே பெட்டியைக் கொண்டுபோயிருக்கிறார். அரசாங்கத்தை ஏமாற்றப் பார்த்திருக்கிறார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேதி, நேரம், பொட்டல எண், எடுத்த பொத்தான், திரும்பப் போட்ட பொத்தான் எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதினார். திருத்த நடவடிக்கையாக 'இனி ஒருபோதும் செய்யமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதி முடித்தபோது கண்ணில் நீர் தளும்பியது. மனைவி மட்டும் பார்த்தாள். பார்க்காததுபோல உள்ளே போனாள்.

கண்காணிப்பாளர் நான்கு பக்கத்தையும் படித்தார். முகம் மலர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் வாடியது.

"ஒரு பொத்தான் குறைஞ்ச பொட்டலத்தைச் சரின்னு கொட்டகையில எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"உங்க தப்பு உண்மைன்னா அவங்க தப்பும் உண்மை. துறை தப்பு பண்ணாது. அதனால உங்க தப்பு பொய்."

"பொய் இல்லீங்க. நான்தான் எடுத்தேன்."

"மூணு ஊழியர் வச்சு எண்ணி, கூட்டம் போட்டு, சராசரி எடுத்துச் சரின்னு முடிவாயிருக்கு. நீங்க இல்லைங்கறீங்க. அப்படின்னா அரசாங்கத்துக்கிட்ட பொய்த் தகவல் குடுத்திருக்கீங்க." சொல்லிக்கொண்டே வந்த கண்காணிப்பாளர் சட்டென்று நிறுத்தினார். மறுபடி கோப்பைப் பார்த்தார். மெதுவாக எழுந்து மேசையைச் சுற்றி வந்து பொத்தான்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொய்த் தகவல் குடுக்கிறது தப்பு. அதைத் துறை கண்டுபிடிச்சிருக்கு. இப்பவே, இங்கேயே. உங்களுக்கு நாப்பத்தோராம் கேள்வி முடிஞ்சது."

திருத்த நடவடிக்கையைக் கண்காணிப்பாளரே சொல்லச் சொல்ல, பொத்தான்காரர் எழுதினார்: 'நான் செய்த தவறுகளை நான் செய்ததாக இனி எக்காலத்திலும் கூறமாட்டேன் என உறுதி அளிக்கிறேன்.' கடைசி வரியில் கை நின்றது. வாழ்நாள் முழுக்க உண்மை பேசியதில் அவருக்கு வந்த முதல் தண்டனை அது. ஆனால் பதினோரு பேரை நினைத்துக்கொண்டார். கையெழுத்திட்டார்.

ஒன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. ஒரு நட்சத்திரம். கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பட்டறையில் எல்லாரும் கை தட்டினார்கள்.

சான்றிதழோடு அறுபது பக்க நடைமுறைப் புத்தகமும் வந்தது. அதன்படி வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். வருகிறவர் பதிவேட்டுக்கு ஒருவர். முத்திரை எண் பதிவேட்டுக்கு ஒருவர். சாவிப் பதிவேட்டுக்கு ஒருவர். கேமராவைப் பார்க்க ஒருவர். கேமராவைப் பார்க்கிறவர் பார்க்கிறாரா என்று பார்க்க ஒருவர். அந்நியர் நடமாட்டம் உண்டா என்று பட்டறையைச் சுற்றி நடக்க ஒருவர். பதினொன்றில் ஏழு போய், பொத்தான் செய்ய நான்கு பேர் மிஞ்சினார்கள். பொத்தான்காரருக்கு நாளொன்றுக்கு ஒன்பது பதிவேடுகளில் கையெழுத்திடும் பொறுப்பு. பொத்தானை எண்ண வேண்டும் என்று அறுபது பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் இரண்டு தடவை தேடினார்.

வாசலில் நிறுத்தப்பட்டது பெரியக்கா. கழுத்தில் விசில். முதல் நாள் காலையில் பொத்தான்காரரையே கையை நீட்டி மறித்தாள்.

"அட்டை எங்க?"

"பெரியக்கா, நான்தான்."

"நீங்கன்னு எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே."

அவர் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துவந்தார்.

எண்ண ஆள் இல்லாததால், பொட்டலங்களைக் கையில் தூக்கிப் பார்த்தே கட்டினார்கள். பெட்டிகள் கொட்டகையில் முன்போலவே திறக்கப்படாமல் போயின. முன்பு பழக்கத்தால், இப்போது விதிப்படி.

ஐந்து மாதம் கழித்துச் சட்டைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பொத்தான்காரர் பிரித்துப் படித்தார். சமீபத்தில் வந்த பொட்டலங்களைத் தங்கள் எண்ணும் இயந்திரம் நூற்று முப்பத்தொன்பது என்று காட்டுவதாக எழுதியிருந்தார்கள். தாங்கள் சான்றிதழ் பெற்ற வணிகர் என்பதால் அவ்வாறு இருக்க வாய்ப்பில்லை. ஆகவே இயந்திரத்தைப் பழுது பார்க்க அனுப்பியிருக்கிறோம். அது வரும்வரை எண்ணுவதை நிறுத்தியிருக்கிறோம். தங்களைச் சந்தேகிக்க நேர்ந்ததற்கு மன்னிக்கவும். அடுத்த தடவை இரு மடங்கு அனுப்பவும்.

அவருக்கு இரண்டு வாய்ச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷம். ஒரு பொட்டலத்துக்கு ஐந்து பொத்தான். தனக்கு விழ வேண்டிய திட்டு ஓர் இயந்திரத்துக்கு விழுந்திருக்கிறது. மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, சான்றிதழை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு படி ஏறினார். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டுப் பழையபடி எண்ண வேண்டும். வாடிக்கை போனால் போகட்டும் என்றுகூட ஏழாவது படியில் தோன்றியது. பதினைந்தாவது படியில் அந்தத் தைரியம் கொஞ்சம் தளர்ந்தது.

கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டுத் துணி மூட்டையை அவர் பக்கமே தள்ளினார். வெளிநாட்டு வாடிக்கைக்காரரே எழுத்தில் கண்டுபிடித்த தவறு, ஐந்து பொத்தான், உண்மையான ஐந்து பொத்தான். இப்படி ஒரு நல்ல தவறு இந்தப் பிரிவுக்கு வந்தே பல நாள் ஆயிற்று என்றார். இதற்கு இரண்டு பக்கம் திருத்த நடவடிக்கை எழுதினால் போதும், இரண்டாவது நட்சத்திரம் நிச்சயம். இரண்டு நட்சத்திரக்காரர்களுக்கு வாடிக்கைக்காரர் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்று புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறது. எண் இருபத்து மூன்று.

"திருத்த நடவடிக்கைன்னா, திரும்ப எண்ண ஆரம்பிக்கிறதுங்களா?" என்றார் பொத்தான்காரர்.

"எழுதினாப் போதும்னு சொன்னேன்."

பொத்தான்காரர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து வருஷம். பதினோரு பேர். பெரியக்காவுக்கு அதற்குள் அறுபது முடிந்துவிடும். மனசுக்குள் எதையோ கூட்டினார், கழித்தார். பிறகு கூச்சத்தோடு, தாழ்ந்த குரலில், ஆனால் கணக்காகக் கேட்டார்.

"அஞ்சு குறைஞ்சா ரெண்டாவது நட்சத்திரம். மூணாவதுக்கு எத்தனை குறையணுங்க?"

அந்தக் கேள்விக்குத் தனி வரிசை இருப்பதாகவும், வெளியே பெஞ்சில் போய் உட்காரும்படியும் கண்காணிப்பாளர் சொன்னார். பொத்தான்காரர் வெளியே வந்தார். பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். லாரிக்கு பிரேக் செய்து அனுப்புகிறவர், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து அனுப்புகிறவர், கப்பலில் போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டை அனுப்புகிறவர், இப்படி. எல்லாரும் ஒரு நட்சத்திரமோ இரண்டு நட்சத்திரமோ உள்ளவர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் எட்டாவதாக உட்கார்ந்துகொண்டார்.